முத்திரை குத்தியவன் முன்னால் உட்காரட்டும்

அத்தியாயம் 6

லெப்டினன்ட் டெஸ்மண்ட் ஃபாரை நேற்றுதான் புதைத்திருந்தார்கள். கல்லறையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே பெண்கள், இன்று காலை கையில் செங்கல்லோடு மெல்லிஷ் விமானத் தொழிற்சாலையின் வாசலில் நின்றார்கள். துக்கம் ஒரே ராத்திரியில் இப்படி உருமாறுமா என்று கேட்பவர்கள் மனிதர்களோடு அதிகம் பழகாதவர்கள்.

செங்கற்களுக்கு எதிரே ஏடா லெம்கே தனியாக நின்றாள். யாரோ ஒரு வாளி வார்னிஷை அவள் தலையில் கவிழ்த்திருந்தார்கள். விமானத்தின் இறக்கைத் துணியை விறைப்பாக இறுக்கிப் பிடிக்க வைக்கிற வார்னிஷ் அது. கூந்தலும் சால்வையும் ஒன்றாக ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தன.

"என் புருஷன் அந்த ரெக்கையை உடைக்கலை!" என்று அவள் கத்தினாள்.

"ஜெர்மன்காரன் பொண்டாட்டி பேசறா, கேளுங்கடி!" என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே ரயிலடியிலிருந்து நடந்து வந்து சேர்ந்தார்கள் துப்பறியும் பிம்லட்டும், அவருடைய உதவியாளர் வின்னியும். பிம்லட் ஒல்லி. சிரிப்பதென்றால் கூலி கேட்பார் போலிருக்கும் முகம். அவருக்கு இதயம் இருப்பதாக டாக்டர் சொன்னதால்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வின்னிக்கு உடம்பு குட்டை, வாய் நீளம்.

"இந்த ஊர்ல வர்றவங்களுக்கெல்லாம் தலைக்கு ஊத்துவாங்களா சார்? நான் நேத்துதான் குளிச்சேன்."

"வாயை மூடிக்கிட்டு அந்தம்மா சால்வையை வெட்டி எடு. முழுசா காஞ்சா தோலோட வரும்."

வின்னி கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டிய கையோடு விஷயத்தையும் கறந்துவிட்டாள். புது விமானத்தின் முதல் ஓட்டத்தில், நடுவானத்தில், கீழ் இறக்கை ஒடிந்து ஃபார் விழுந்து செத்தான். ஒடிந்த சட்டத்தில் ஒரு துளை இருந்தது. பட்டறையில் ஜெர்மனியில் பிறந்த தச்சன் ஒருவன் இருந்தான். யுத்த காலத்தில் இதற்கு மேல் விசாரணை எதற்கு? கான்ராட் லெம்கேயை மரக்கிடங்கில் பூட்டிவிட்டார்கள்.

"மத்தியானம் ராணுவ லாரி வருதாம்மா," என்றாள் ஏடா. "ஏத்திட்டாங்கன்னா அப்புறம் கயிறுதான். முப்பது வருஷமா இதே ஊர்ல இருக்கான். இவளுங்க வீட்டுத் தொட்டில் எல்லாம் அவன் செஞ்சது."

பிம்லட் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பெண்களும் நின்றார்கள், எல்லோர் கையிலும் கல். படிக்கட்டில் மட்டும் கறுப்பு உடையில் ஒருத்தி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அது யாரு?"

"ஹெட்டி. மேஸ்திரி காரவேயோட மக, ரெக்கைத் துணி தைக்கறவ. அடுத்த மாசம் அந்தப் பைலட்டைக் கட்டிக்க இருந்தவ."

உள்ளே ஒரே தாளச் சத்தம். தச்சர்கள் எல்லோரும் மேஜைகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வழுக்கைத்தலை ஆள் ஒருவன், தன்னைவிட இரண்டு மடங்கு நீளமுள்ள மரச்சட்டத்தைத் தோளில் சுமந்து பட்டறையைச் சுற்றி வந்தான். ஊளையும் விசிலும் பறந்தன. ஒருவன் அவன் காலடியில் எச்சில் துப்பினான்.

"எங்க தாத்தா காலத்துப் பழக்கம்," என்றார் முதலாளி கட்பர்ட் மெல்லிஷ், வரவேற்கும் பெருமையோடு. "நாங்க மூணு தலைமுறையா நாற்காலி, அலமாரி செஞ்சவங்க. யுத்தம் வந்ததும் விமானத்துக்கு மாறினோம். மரத்தைக் கெடுத்தவன் அதைச் சுமந்துக்கிட்டு சுத்தி வரணும். அப்பத்தான் புத்தி வரும். இந்த மரம் அமெரிக்காவுலேருந்து கப்பல்ல வருது, தெரியுமில்ல?"

"விமானத்தையே கெடுத்தவன் அதையும் சுமக்கணுமா முதலாளி?" என்றாள் வின்னி.

மெல்லிஷ் அவளைப் பார்க்காமல் பிம்லட்டிடம் சொன்னார். "ஜெர்மன்காரன் சதி பண்ணினான்னு ராணுவத்துக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு நீங்க அடுத்த ரயில்ல போயிடலாம்."

ஒடிந்த இறக்கையை இரண்டு முக்காலிகள் மேல் கிடத்தியிருந்தார்கள். பிம்லட் துணியை விலக்கி, விரலில் எச்சில் தொட்டு, சட்டம் ஒடிந்த இடத்தில் தேய்த்தார். ஈரம் பட்டதும் மரத்தில் ஓர் அரைவட்டம் தெரிந்தது.

"துளை. அதுல மர முளை அடிச்சு அடைச்சிருக்கான்," என்றார். "வஜ்ஜிரப் பசை போட்டு, உப்புத்தாள் தேய்ச்சு, மரத்தோட ரேகையும் முளையோட ரேகையும் சேர்ற மாதிரி திருப்பி வெச்சிருக்கான். கிட்டப் போய்ப் பார்க்காம கண்டுபிடிக்க முடியாது."

"அதான் சொல்றேனே! ஓட்டை போட்டு மறைச்சிருக்கான் படுபாவி!"

"சதிகாரன் மெழுகை அப்பிட்டு ஓடிடுவான் மிஸ்டர் மெல்லிஷ். ரேகை பார்த்து முளை சீவிட்டு நிக்க மாட்டான். இது துரோகி வேலை இல்ல. வெட்கப்பட்டவன் வேலை."

சுத்தியல் சத்தம் சட்டென்று குறைந்தது. தச்சர்கள் தங்கள் தங்கள் வேலையில் அபாரமான ஆர்வம் காட்டத் தொடங்கினார்கள்.

வின்னி கிழிந்த துணிக்குள் தலையை விட்டிருந்தாள். "சார், இந்தச் சட்டத்துக்கு அடிபட்டிருக்கு போல. கட்டுப் போட்டிருக்காங்க."

உண்மைதான். ஒடிந்த இடத்தில் கிழிந்திருந்தாலும், முளை இருந்த இடத்தைச் சுற்றி லினன் துணிப்பட்டை இறுக்கமாகச் சுற்றி, பொடித்தையலாகத் தைக்கப்பட்டிருந்தது. இறக்கைக்குத் துணி உறை மாட்டுவதற்கு முன்னால் போட்ட கட்டு.

"வெட்டினவனே கட்டும் போட்டானா? ரொம்ப நல்ல எதிரி சார்."

"ரெண்டு பேர்," என்றார் பிம்லட் மெல்லிய குரலில். "ஒருத்தன் அடைச்சான். துணி தைக்கிற ஒருத்தி அதைப் பார்த்தா. பார்த்தவ வாயைத் திறக்கலை. ஊசியை எடுத்திருக்கா."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா ஒருத்தன் கெடுத்த கட்டையைச் சுமந்து சுத்தி வரணும். அதைப் பார்க்க அவளுக்கு மனசு வரலை."

"அப்போ பறக்கறவனைப் பத்திக் கவலையில்லையா அவளுக்கு?"

"இருந்திருக்கு. அதுக்குத்தான் கட்டு."

மரக்கிடங்கில் கான்ராட் லெம்கே ஒரு பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. தலையிலிருந்து கால்வரை யார் யாரோ உதைத்த அடையாளம்.

"அந்தச் சட்டம் நீங்க செஞ்சதா?" என்று கேட்டார் பிம்லட்.

"இல்லைங்க. எனக்கு மேல் ரெக்கை வேலை மட்டும்தான்."

"முளை வைக்கத் தெரியுமா?"

கான்ராட் பலகை நுனியில் இருந்த சிராயைப் பிய்த்தான். "இங்க யாருக்குத் தெரியாது?" என்றான்.

பிம்லட் அந்தப் பதிலைப் பொறுக்கி எடுத்து ஆராய்ந்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டார். கெட்டிக்காரர்களும் சில சமயம் இப்படி வழுக்குவார்கள்.

மேஸ்திரி சைலஸ் காரவேயை மெல்லிஷே அழைத்து வந்தார். பருத்த உடம்பு. அழுது சிவந்த கண்கள்.

"இவர்தான் கடைசியாப் பார்த்து முத்திரை குத்துவார். எங்ககிட்ட இன்னொரு பழக்கமும் உண்டு. முத்திரை குத்தினவன் முதல் ஓட்டத்துல முன் சீட்டுல உட்கார்ந்து போகணும். பத்திரிகைக்காரங்ககூட இதைப் பாராட்டி எழுதியிருக்காங்க," என்றார் மெல்லிஷ்.

"அன்னைக்கு நீங்க ஏன் போகலை மேஸ்திரி?"

"ஏறத்தான் போனேன்," என்றார் காரவே. "அந்தப் பையன் விடலை. காத்து பலமா இருக்கு, உங்க எடை தாங்காது மாமா, உங்க இடத்துல மணல் மூட்டையை வெச்சுக்கிறேன்னு சொல்லித் தள்ளி விட்டுட்டான்."

"எல்லாரும் பார்த்தாங்க. சண்டை போட்டு ஏறப் பார்த்தார்," என்றார் மெல்லிஷ். "இவர்மேல சந்தேகப்பட்டா தெய்வம் பொறுக்காது."

வெளியே வந்ததும் வின்னி கேட்டாள். "ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சவன் ஏறுவானா சார்? மேஸ்திரி சுத்தம்தானே?"

"ஏறத் துணிஞ்சவன் தப்பு பண்ணலைன்னு அர்த்தமில்ல. அது ஒடியும்னு அவனுக்குத் தெரியலைன்னு அர்த்தம். நீ விமானம் ஓட்டுவியா?"

"நான் சைக்கிள்லயே விழுவேன்."

"போதும். தோல் கோட்டு, தொப்பி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கோ. வாயை மட்டும் திறந்துடாதே, அதுதான் கஷ்டம்."

மத்தியானம், ராணுவ லாரி வந்து நின்ற அதே நேரத்தில், மைதானத்தில் ஒரு விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஃபார் ஓட்டியதோடு ஜோடியாகச் செய்த இரட்டை இறக்கை விமானம் அது. தொழிற்சாலை முழுவதும் திரண்டிருந்தது. கைகள் கட்டப்பட்ட கான்ராட்டை ஒரு சார்ஜெண்ட் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிம்லட் ஒரு பெட்டியின் மேல் ஏறினார். "இதுக்கும் முத்திரை குத்தினவர் காரவே மேஸ்திரிதான். பழக்கப்படி அவர் முன்னால உட்காருவார். ராணுவ பைலட் ஒருத்தர் ஓட்டப் போறார். இது பத்திரமா இறங்கினா, உங்க வேலையில குறையில்ல, ஃபாரோட விமானத்துல மட்டும் எவனோ கைவெச்சிருக்கான்னு நானே எழுதித் தர்றேன். ஜெர்மன்காரனை ஏத்திட்டுப் போகட்டும்."

கூட்டம் கைதட்டியது. மெல்லிஷ் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ஏடா மட்டும் மண்டியிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

காரவே தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தார். மெதுவாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

பின் சீட்டில் கண்ணாடிக்குள் வியர்த்துக்கொண்டிருந்த வின்னிக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. தொட்டியில் ஒரு கிண்ணம் பெட்ரோல்கூட இல்லை. சக்கரங்களுக்கு முன்னால் கட்டை கொடுத்திருந்தார்கள். பிம்லட் எல்லாம் அளந்து வைத்திருந்தார். ஒரு மெக்கானிக் முன்னால் இருந்த விசிறியைச் சுழற்றினான். எஞ்சின் உறுமியது. எஞ்சினுக்கு ஊற்றும் விளக்கெண்ணெயின் புகை அவள் முகத்தில் அடித்தது.

காரவே திரும்பி, அவள் காதருகே குனிந்தார்.

"நல்லா உயரமாக் கொண்டு போங்க தம்பி. தாழ்வா வேண்டாம்."

வின்னி தலையாட்டினாள்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

வின்னிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஆள் சாகத்தான் ஏறியிருக்கிறார். கூட ஒரு முன்பின் தெரியாத பையனையும் கொண்டுபோகச் சம்மதித்து உட்கார்ந்திருக்கிறார். சக்கரத்துக்கு முன்னால் கட்டை இருக்கிறதா என்று அவள் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹெட்டி ஓடி வந்தாள். கறுப்புப் பாவாடை தடுக்கி விழுந்து, எழுந்து, கீழ் இறக்கையின் நுனியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அலறினாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் பெட்ரோல் தீர்ந்தது. விசிறி நின்றது. மைதானம் முழுவதற்கும் அவள் குரல் மட்டும் பாக்கியிருந்தது.

"இறங்குப்பா! இதுலயும் இருக்குப்பா! இதுக்கும் நான்தான் கட்டுப் போட்டேன்!"



தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் ஹெட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். காரவே இறங்கவில்லை. முன் சீட்டிலேயே, விமானம் இன்னும் பறந்துகொண்டிருப்பது போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு அங்குலம் தள்ளித் துளை விழுந்துடுச்சு," என்றார் யாரையும் பார்க்காமல். "நான் மேஸ்திரி. நான் எப்படிக் கட்டையைத் தூக்கிக்கிட்டு சுத்தி வர்றது? நாப்பது வருஷம் அலமாரிக்கு இப்படித்தான் அடைச்சேன். ஒரு அலமாரியும் விழுந்ததில்ல."

"அலமாரி பறக்கறதில்ல மேஸ்திரி," என்றார் பிம்லட்.

கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். "ஏண்டி ஹெட்டி, டெஸ்மண்ட்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி?"

"சொன்னா அப்பாவைச் சுமக்க வெச்சிருப்பீங்க. தட்டித் தட்டிச் சிரிச்சிருப்பீங்க." ஹெட்டி அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "மத்தவங்க சுமந்தப்போ நானும்தானே சிரிச்சேன். கட்டு தாங்கிடும்னு நெனச்சேன்."

வின்னி கீழே குதித்தாள். கண்ணாடியைக் கழற்றி பிம்லட்டின் காலடியில் எறிந்தாள்.

"இவதான்னு எப்போ சார் தெரியும்?"

"வாசல்லயே. ஜெர்மன்காரனை எல்லாரையும்விட அதிகமா வெறுக்க வேண்டியவ அவ. அவ கையிலதான் கல் இல்லை."

"தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே. நேத்துத்தான் அந்தப் பொண்ணு அவனைப் புதைச்சிருக்கா."

"கேட்டா அழுதிருப்பா. அழுகையைக் காட்டி ஒருத்தனைக் கயித்துலேருந்து இறக்க முடியாது வின்னி."

"கத்தி மாதிரி இருக்கீங்க சார். இன்னைக்கு உங்களோட உட்கார்ந்து டீ குடிக்க மாட்டேன்."

"நான் குடிக்கலாமில்ல?" என்றார் பிம்லட்.

சார்ஜெண்ட் காரவேயை இறக்கி லாரிக்கு நடத்திப் போனார். பிறகு வந்து கான்ராட்டின் கைக்கயிற்றை அவிழ்த்தார். மன்னிப்புக் கேட்பது அவருடைய வேலை இல்லை, அதனால் கேட்கவில்லை. ஏடா தள்ளாடி ஓடி வந்து புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்கு வா. ஒண்ணும் பேச வேண்டாம். வீட்டுக்கு வா."

மெல்லிஷ் சுதாரித்துவிட்டார். முதலாளிகளுக்கு அந்த வரம் உண்டு. "ஒரே ஒரு ஆள் பண்ணின தப்பு," என்று சார்ஜெண்டிடம் உரக்கச் சொன்னார். "இந்த ஜோடியோட சரி. இதுவரைக்கும் பிரான்சுக்கு யுத்தத்துக்குப் போன விமானமெல்லாம் பத்திரம். என் பேரை வெச்சுச் சொல்றேன்."

பிம்லட் தச்சர்களின் பக்கம் திரும்பினார். "அப்படியா? பிரான்சுக்குப் போன ரெக்கைகள்ல வேற யாரோட முளையும் இல்லையா?"

இருபது ஆம்பளைகள் நின்றார்கள். இருபது பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஒருவன் மூக்கை உறிஞ்சினான். பட்டறையில் அத்தனை பலமாகத் தட்டத் தெரிந்தவர்களுக்கு இப்போது இருமக்கூட வரவில்லை.

"பாருங்க, ஒருத்தரும் இல்ல," என்றார் மெல்லிஷ்.

ஏடாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டிருந்த கான்ராட் நின்றான்.

"வா," என்றாள் ஏடா. அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "திரும்பாதே. கான்ராட், திரும்பாதே!"

அவன் திரும்பினான். நொண்டிக்கொண்டே மைதானத்தின் நடுவுக்கு வந்தான்.

"போன மாசம் அனுப்பினதுல ஒண்ணு," என்றான். "மேல் ரெக்கையில, இடது பக்கச் சட்டம். நான் அடைச்சது. ஏற்கனவே நான் ஜெர்மன்காரன். கட்டையையும் சுமந்தா என்ன செய்வாங்களோன்னு பயந்துட்டேன். வால்ல இருக்கற நம்பர் ஞாபகம் இருக்கு, சொல்றேன். தந்தி அடிச்சு அதை இறக்கி வைக்கச் சொல்லுங்க. ரெண்டு பசங்க அதுல பறந்துட்டிருப்பாங்க."



"பார்த்தீங்களா!" என்று கத்தினார் மெல்லிஷ். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? ஜெர்மன்காரன்! அவன் வாயாலயே சொல்றான், கேட்டுக்கோங்க!"

கூட்டம் உயிர் பெற்றது. காரவேயை வெறுக்க அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. இது சுலபம். பறிபோன ஜெர்மன்காரன் திரும்பக் கிடைத்துவிட்டான். முதல் செங்கல் கான்ராட்டின் தோளில் பட்டது. அதை எறிந்தவன் ஒரு தச்சன்.

"அவர் உண்மையைச் சொன்னார்டா!" வின்னி தச்சர்களைப் பார்த்துக் கத்தினாள். "உங்கள்ல ஒருத்தனுக்குக்கூட நாக்கு இல்லையா? அவரை விட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவீங்களா?"

போய்ச் சாப்பிடுவார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

பிம்லட் சார்ஜெண்டின் கையைப் பிடித்தார். "இது சதி இல்ல. இங்க எல்லாரும் செஞ்ச வேலை இது."

"எல்லாரும் சொல்லலையே சார்," என்றார் சார்ஜெண்ட், கொஞ்சம் வருத்தத்தோடுதான். "இவர்தானே சொன்னார். ஜெர்மனியில பிறந்தவர் வேற. மேலே இருக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்." அவிழ்த்த கயிற்றையே எடுத்து மறுபடியும் கான்ராட்டின் கைகளில் கட்டினார்.

ஒரு நிரபராதியைக் காப்பாற்றப் பத்து வழி பிம்லட்டுக்குத் தெரியும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறவனைக் காப்பாற்ற ஒரு வழியும் தெரியவில்லை.

லாரியில் ஏறும்போது கான்ராட் வால் நம்பரை மூன்று தடவை சார்ஜெண்டிடம் சொன்னான். திருப்பிச் சொல்ல வைத்துச் சரிபார்த்தான். அதன் பிறகுதான் பெண்டாட்டியைப் பார்த்தான்.

ஏடா அழவில்லை. லாரியின் பின்பலகையை இரண்டு கைகளாலும் ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

"முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கியே பாவி! ஒரு பொய் சொல்லக்கூடவா இவங்ககிட்ட கத்துக்கலை?"